சபை சம்மதித்த பிறகும் ஏன் நடப்பதில்லை? பல்கலைக்கழகச் சபைகள் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு கடிதம். பீடச் சபைக்கு மாணவப் பிரதிநிதியாகத் தெரிவாகியிருக்கிறாள். முதற் கூட்டம் அடுத்த கிழமை.

"மாமா, வாக்குக் கேட்டபோது எல்லாம் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது பார்த்தால் அந்தச் சபையால் என்ன செய்ய முடியும் என்பதே எனக்குத் தெரியவில்லை" என்றாள்.

அவள் படிப்பது வவுனியா பம்பைமடுவிலா கிளிநொச்சி அறிவியல்நகரிலா என்று நான் சொல்லப்போவதில்லை. கதைக்கு அது தேவையும் இல்லை. நான் முகாமைத்துவ உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எத்தனையோ கூட்டங்களுக்குக் கோவை கட்டி, கதிரை எண்ணி, தேநீருக்குச் சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். பேசும் உரிமை இல்லாதவனுக்குக் கேட்க நிறைய நேரம் கிடைக்கும். அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடலாம். இங்கே 'பீடம்' என்றால் பல துறைகளை உள்ளடக்கிய ஒரு பிரிவு: விவசாய பீடம், பொறியியல் பீடம் என்பதுபோல. அமெரிக்காவில் இதற்குரிய 'faculty' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆசிரியர் குழாம் என்ற பொருளும் உண்டு. அங்கே பேராசிரியர் சங்கமும் வேறு இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 1966ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையை வகுத்தன. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆய்வு போன்றவற்றில் முதற்பொறுப்பு ஆசிரியர்களுக்கே உரியது என்று அது கூறியது. அது அறிக்கைதான், சட்டமல்ல. நம் இலங்கையிலோ யார் எந்தச் சபையில் உட்காரலாம் என்பதைப் பாராளுமன்றமே எழுதிவைத்திருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் என்று அதற்குப் பெயர். 1985இல் அதில் முக்கியமான திருத்தங்கள் வந்தன. வெளிநாட்டு இணையப் பக்கத்தைப் படித்துவிட்டு நம்மூர் பீடாதிபதியிடம் போய் வாதாடுகிறவர்கள் இந்த வேறுபாட்டில்தான் இடறிவிழுகிறார்கள்.

பிள்ளைக்குச் சட்டத்தைச் சொன்னால் கொட்டாவி வரும். ஆகவே இரணைமடுக் குளத்திலிருந்து தொடங்கினேன்.

சிறுபோகத்துக்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்குமல்லவா? மாவட்டச் செயலாளர் தலைமையில் உட்காருவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பார். கமநல சேவைக்காரர் வருவார். கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள் வரிசையாக இருப்பார்கள். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்பதை அங்கே முடிவு செய்வார்கள். ஆனால் வாய்க்கால் கட்டுக்குப் புதிதாகக் கொங்கிறீற் போட வேண்டும் என்று ஒருவர் எழுந்து கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், குறித்துக்கொள்வார்கள், ஆனால் அந்தக் காசு அந்த மண்டபத்தில் இல்லை. அது வேறு மேசைக்குப் போக வேண்டும். ஊருக்குத் திரும்பிய தலைவர் "கூட்டத்தில் ஓம் என்று விட்டார்கள்" என்பார். அடுத்த வருடமும் வாய்க்கால் அப்படியே கிடக்கும். ஆட்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று பேச்சு எழும். உண்மையில் ஒருவரும் ஏமாற்றவில்லை. திகதி, அந்தக் கூட்டம் எடுத்த தீர்மானம். கொங்கிறீற், அந்தக் கூட்டம் செய்த சிபாரிசு. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே தொனியில் வந்ததால் ஊருக்கு வேறுபாடு தெரியவில்லை.

பல்கலைக்கழகத்திலும் எந்தச் சபை பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த விடயத்தில் இது தீர்மானிக்கும் சபையா, சிபாரிசு செய்யும் சபையா?

பீடச் சபையை எடுத்துக்கொள்வோம். தலைமை பீடாதிபதிக்கு. அந்தப் பீடத்துத் துறைகளின் நிரந்தரப் பேராசிரியர்கள், இணைப் பேராசிரியர்கள், சிரேட்ட விரிவுரையாளர்கள், விரிவுரையாளர்கள் எல்லோரும் பதவி வழியாகவே உறுப்பினர்கள். அவர்களை யாரும் தெரிவு செய்ய வேண்டியதில்லை; நியமனக் கடிதம் கிடைத்த அன்றே கதிரையும் கிடைத்துவிடுகிறது. இவர்களுக்கு அப்பால் வாக்கால் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பீடத்து மாணவர்கள் தங்களுக்குள் தெரிவு செய்யும் இரண்டு மாணவர்கள் அப்படிப்பட்டவர்கள். இன்னும் மூன்று பேர் வெளியாட்கள். பல்கலைக்கழக ஊழியராக இல்லாத, அந்தப் பீடத்தின் படிப்புகளோடு தொடர்புடைய துறையில் பெயரெடுத்தவர்களைச் சபையே தெரிந்தெடுக்கும்.

இந்த மூன்று வெளியாட்கள் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. வன்னியில் ஒரு விவசாயம் சார்ந்த பீடம் என்றால், குளத்தையும் வயலையும் கையோடு அறிந்த ஒரு மூத்த நீர்ப்பாசன அலுவலர் அந்தக் கதிரையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பல இடங்களில் அது மரியாதைக்குரிய கதிரையாகவே நின்றுவிடுகிறது. அழைப்பு போகும். "வர இயலாமைக்கு வருந்துகிறேன்" என்று பதில் வரும். கூட்ட அறிக்கையில் சமுகமளிக்காதோர் பட்டியலில் பெயர் அச்சாகும்.

பீடச் சபையின் செயலாளர் வேலையைப் பீடத்தின் உதவிப் பதிவாளரோ சிரேட்ட உதவிப் பதிவாளரோ பார்ப்பார். அவருக்கு வாக்கு இல்லை. ஆனால் எந்த விடயம் எந்த இலக்கத்தில் நிகழ்ச்சி நிரலில் வரும், கடைசி நாளுக்குப் பிந்தி வந்த கடிதத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பவை அவர் மேசையில்தான் முடிவாகின்றன. வாக்கு இல்லாதவர்தானே என்று அலட்சியம் செய்யாதே என்று பிள்ளையிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"அப்படியென்றால் நானும் ஒரு பேராசிரியரும் சமமா?" என்று கேட்டாள். சபைக்குள் உறுப்பினர் என்ற அளவில் ஓம். ஆனால் பரீட்சைப் பெறுபேறு, ஒரு மாணவரின் மருத்துவச் சான்றிதழ், ஒழுக்காற்று விடயம் போன்றவை எடுக்கப்படும்போது மாணவப் பிரதிநிதிகள் வெளியேறிவிடுவது நடைமுறை. அவற்றை நிகழ்ச்சி நிரலில் தனிப் பகுதியாகப் போட்டிருப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உன் வகுப்புத் தோழியின் மருத்துவ அறிக்கையை நீ கேட்டுக்கொண்டிருப்பதை அவள் விரும்புவாளா என்று யோசித்துப் பார் என்றேன். சிரித்துவிட்டாள்.

மருத்துவச் சான்றிதழ் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் அல்லாடுவது இதில்தான். டெங்குக் காய்ச்சலில் படுத்ததால் ஒரு பிள்ளை பரீட்சைக்குத் தோற்றவில்லை. வைத்தியசாலைச் சான்றிதழைக் கொடுத்தாகிவிட்டது. அத்தோடு முடிந்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள். அந்தத் தாளைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும், பிறகு பீடச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றால்தான் அடுத்த முறை எழுதுவது முதலாவது தோற்றலாகக் கணக்கிடப்படும். இல்லாவிட்டால் அது மீள் தோற்றல். புள்ளிக்கு உச்சவரம்பு விழும், வகுப்புச் சித்தி கைநழுவிப் போகலாம். சான்றிதழைக் கொடுக்கக் குறிப்பிட்ட நாள் எல்லை இருக்கிறது. சபை பொதுவாக மாதம் ஒருமுறைதான் கூடுகிறது. ஆகவே இரண்டு நாள் பிந்தினால் ஒரு மாதம் பிந்தியதாக ஆகிவிடும்.

பீடாதிபதியைப் பீடச் சபையே வாக்களித்துத் தெரிவு செய்கிறது. பதவிக்காலம் மூன்று ஆண்டு. துணைவேந்தர் அப்படியல்ல. பல்கலைக்கழகத்தின் நிருவாகச் சபையான பேரவை மூன்று பெயர்களை அனுப்ப, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சிபாரிசின்பேரில் சனாதிபதி ஒருவரை மூன்று ஆண்டுக்கு நியமிப்பார். வேந்தர் என்று ஒருவர் இருக்கிறார். பட்டமளிப்பு விழாவில் காணலாம்.

பீடச் சபைக்கு மேலே மூதவை. கல்வி சார்ந்த எல்லாவற்றுக்கும் அதிகாரம் இதற்குத்தான். துணைவேந்தர் தலைமை, பீடாதிபதிகள், எல்லாத் துறைத்தலைவர்கள், நிரந்தரப் பேராசிரியர்கள், நூலகர் ஆகியோர் பதவி வழியாக வருவார்கள். இவர்களைத் தவிர ஒவ்வொரு பீடத்தின் நிரந்தர ஆசிரியர்களும் தங்களுக்குள் இருவரைத் தெரிவு செய்து அனுப்புவார்கள். இந்த இருவரைச் சிறிதாக எண்ணக் கூடாது. மற்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பதவியைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள். இவர்கள்தான் சாதாரண விரிவுரையாளரின் குரலைச் சுமந்து வருகிறவர்கள். பதிவாளர் செயலாளராக இருப்பார்.

பெறுபேற்றுத் தாளின் அடியில், மூதவையின் உறுதிப்படுத்தலுக்கு உட்பட்டது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைச் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். பட்டம் எந்தத் திகதியிலிருந்து செல்லுபடியாகும் என்பதையும் மூதவையே முடிவு செய்கிறது. ஆசிரியர் நியமனத்துக்கோ பட்டதாரிப் பயிலுநர் வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது விண்ணப்ப முடிவுத் திகதிக்கும் பட்டத்தின் செல்லுபடித் திகதிக்கும் இடையில் ஒரு கிழமை வித்தியாசத்தால் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். சம்பிரதாயம் அல்ல.

அடுத்தது பேரவை. நிருவாகமும் காசும் காணியும் கட்டடமும் நியமனமும் இதன் கையில். இதன் உறுப்பினர் கணக்கு மிகச் சுவையானது. துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவை தன் உறுப்பினர்களிலிருந்து அனுப்பும் இருவர் ஆகியோர் உள்ளாட்கள். மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிப்பவர்கள் மற்றப் பகுதி. கல்வி, நிருவாகம், வணிகம், விஞ்ஞானம் போன்ற துறைகளில் பெயர் பெற்றவர்கள். வெளியாட்களின் தொகை உள்ளாட்களின் தொகையைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். மூன்று பீடங்கள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: துணைவேந்தர் ஒருவர், பீடாதிபதிகள் மூவர், மூதவை அனுப்பியவர்கள் இருவர், ஆக ஆறு. வெளியிலிருந்து ஏழு. மொத்தம் பதின்மூன்று.

அந்த ஏழாவது கதிரைதான் சட்டம் போட்ட முடிச்சு. படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கை உயர்த்தினாலும் வெளியாட்கள் ஒன்றாக நின்றால் அவர்களே வெல்வார்கள். பொதுமக்களின் வரிப்பணத்துக்கு ஒரு காவல் என்பது ஒரு பக்கம். அந்த வெளியாட்களை யார் நியமிக்கிறார்கள், ஆட்சி மாறும்போது பட்டியலும் மாறுகிறதா என்ற கேள்வி மறுபக்கம். இரண்டையும் கேட்டிருக்கிறேன், இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதே சட்டம் பேரவைக்கு ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறது. கல்வி விடயம் ஒன்றில் தன் கருத்தைச் சொல்ல மூதவைக்கு வாய்ப்புக் கொடுக்காமல் பேரவை அதில் தீர்மானம் நிறைவேற்ற முடியாது. பதின்மூன்று பேர் சேர்ந்தாலும் ஒரு பாடத்தைத் தாங்களாகவே தூக்கிப்போட முடியாது.

இந்த இடத்தில் வவுனியாவின் கதையைச் சொல்லாமல் போனால் வன்னியில் இருந்து எழுதுவதில் பயனில்லை. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. பெயர்ப்பலகை மாறியதைப் படம் பிடித்தார்கள். படத்தில் விழாத மாற்றம் ஒன்று இருந்தது. வளாகமாக இருந்த காலம் முழுவதும் வவுனியாவில் பீடச் சபை கூடி ஒரு பாடத்தை மாற்றினால், அது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கூடும் மூதவைக்குப் போக வேண்டும். ஏ9 வீதியில் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். போர்க்காலத்தில் அந்த வீதி எத்தனை தடவை மூடிக் கிடந்தது என்பதை வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பட்டச் சான்றிதழும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான். தனிப் பல்கலைக்கழகம் என்றால் தனக்கென ஒரு மூதவை, தனக்கென ஒரு பேரவை. தீர்மானம் பிறக்கும் மேசை வவுனியாவுக்கு வந்தது என்று பொருள்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பீடங்கள் இன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களே. அங்கே பீடச் சபை கிளிநொச்சியில் கூடும், மூதவை யாழ்ப்பாணத்தில். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெரிய பல்கலைக்கழகத்தின் பலமும் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் "பீடத்தில் சம்மதித்துவிட்டார்கள், ஏன் இன்னும் இழுபடுகிறது?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பாதிப் பதில் இதிலேயே கிடைக்கும்.

இனிக் குழுக்கள். பாடவிதானக் குழு, உயர் பட்டப்படிப்புக் குழு, நூலகக் குழு, ஆய்வு நெறிமுறைக் குழு, தர உறுதிப்பாட்டுக்கான பிரிவு என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சபையின் கைகள். தாமாக முடிவெடுக்காதவை, ஆராய்ந்து சிபாரிசு செய்பவை. சபை நாற்பது பேரோடு உட்கார்ந்து ஒரு பாடத்தின் பதினைந்து வாரத் திட்டத்தை வரி வரியாகப் படிக்க முடியாது. ஐந்து பேர் படிக்கலாம். அதற்காகவே குழு. சங்கடமான விடயத்தைக் கிடப்பில் போடவும் குழு உதவும் என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். ஆட்களை நியமிக்கும் தெரிவுக் குழு மட்டும் தனி இனம். பேரவையின் ஆட்களும் மூதவையின் ஆட்களும் அதில் கலந்திருப்பார்கள்.

ஒரு பாடம் எப்படி நடந்து போகிறது என்று காட்டினால் எல்லாம் ஒரு கோட்டில் வந்துவிடும். ஒரு துறையில், குளத்து நீர் முகாமைத்துவம் பற்றிப் புதிதாக ஒரு பாடம் வேண்டும் என்று ஓர் இளம் விரிவுரையாளர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துறைக் கூட்டத்தில் பேசுவார்கள். பாடவிதானக் குழு திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பும், திரும்பி வரும், பீடச் சபைக்கு ஏறும். சபை சிபாரிசு செய்தால் மூதவைக்குப் போகும். மூதவை அங்கீகரித்தால் பாடம் உண்டு, முடிந்தது. ஆனால் அதைப் படிப்பிக்கப் புதிய ஆள் வேண்டும் என்றால் அது பேரவையின் வாசல். ஆளணியைக் கூட்டுவதென்றால் கொழும்பில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வரைக்கும் போகும். பாடம் அல்ல, முழுப் பட்டப்படிப்பையே புதிதாகத் தொடங்குவதென்றால் மானியங்கள் ஆணைக்குழுவும் ஓம் சொல்ல வேண்டும். இப்போது, இளம் விரிவுரையாளர் தேநீர் இடைவேளையில் "சபை ஏற்றுக்கொண்டது" என்று மாணவர்களிடம் சொல்லும்போது அவர் இந்த வழியில் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேட்கப் பழக வேண்டும்.

பிள்ளை இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தன் கொப்பியைத் திறந்தாள். அவள் வாக்குக் கேட்ட விடயம் ஒன்றே ஒன்றுதான்: செய்முறை வகுப்பு மாலை ஆறு மணிக்கு முடிகிறது, அதற்குள் பஸ் போய்விடுகிறது, விடுதி கிடைக்காத பெண்பிள்ளைகள் இருட்டில் வீதியில் நிற்கிறார்கள்.

அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் குழம்பிவிடும் என்றேன். வகுப்பு நேரத்தை மாற்றுவது பீடம் தானே செய்துகொள்ளக்கூடிய விடயம். விடுதியில் கூடுதல் இடம் என்பது நிருவாகத்துக்கும் பேரவைக்கும் போகும் விடயம். பீடச் சபை சிபாரிசு மட்டும் செய்யலாம். பஸ் நேரம் போக்குவரத்துச் சாலையின், அதாவது பஸ் டிப்போவின், கையில். பீடாதிபதி ஒரு கடிதம் எழுதலாம். மூன்றையும் மூன்று வேறு கோரிக்கைகளாகப் பிரித்து, வகுப்பு நேரத்தை முதலில் வைத்து, கூட்டத்துக்குப் பத்து நாளைக்கு முன்பாக உதவிப் பதிவாளரிடம் கொடுத்துவிடு. அன்று எழுந்து வாயால் சொல்லாதே. ஏனைய விடயங்கள் என்ற கடைசித் தலைப்பில் அது வந்தால் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அடுத்த மாதத்துக்கு என்று எழுதிக்கொண்டாள்.

ஐந்து கிழமை கழித்துக் கூட்ட அறிக்கையின் பிரதியோடு வந்தாள். முகம் வாடியிருந்தது. அரை மணி நேரம் பேசினாளாம். அறிக்கையில் இரண்டே வரி. செய்முறை வகுப்புகளை மாலை நான்கரைக்கு முன் முடிப்பது பற்றி நேரசூசிக் குழு ஆராய்ந்து அடுத்த கூட்டத்தில் அறிக்கையிட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் ஒரு சிரேட்ட விரிவுரையாளர், வழிமொழிந்தவர் இவள்.

"குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள் மாமா."

திரும்ப வாசி என்றேன். "ஆராய வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தால் தள்ளிவிட்டார்கள் என்று நானும் சொல்லியிருப்பேன். "அடுத்த கூட்டத்தில்" என்ற இரண்டு சொற்களையும் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில், முன்னைய அறிக்கையிலிருந்து எழும் விடயங்கள் என்ற தலைப்பின் கீழ் இது தானாக வர வேண்டும். வராவிட்டால், அறிக்கையை உறுதிப்படுத்தும்போதே கையை உயர்த்து.

பென்சிலால் அந்த இரண்டு சொற்களின் கீழ்க் கோடு போட்டாள். விடுதி பற்றிய வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதில் "பேரவைக்குச் சிபாரிசு செய்யப்பட்டது" என்றிருந்தது. அதற்குக் கோடு போடவில்லை, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டு, "பேரவை எப்போது கூடும்?" என்று கேட்டாள்.